நர்சிங்கில் முனைவர் பட்டம்

நம் தெருப் பிள்ளைகள் பலர் நர்சிங் படிக்கிறார்கள். வேலை கிடைத்ததும் படிப்பை நிறுத்தச் சொல்லிவிடுகிறோம். வீட்டு நிலைமை அப்படி. எம்.எஸ்சி. நர்சிங் முடித்தவர்கள் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி.யும் செய்யலாம். அங்கே ஊசி போடுவதை மறுபடி சொல்லித் தருவதில்லை. ஆய்வு முறை, புள்ளியியல், ஆய்வு நெறி எல்லாம் படித்துவிட்டு, ஒரே கேள்வியோடு குறைந்தது 3 ஆண்டு உழைக்க வேண்டும்.

இரும்புச்சத்து மாத்திரையை வாங்கிப்போகும் கர்ப்பிணி ஏன் அதை விழுங்குவதில்லை? அறியாமை என்று எழுதிவிடுவது சுலபம். மாத்திரை கொடுத்தவர் காலனி முனையோடு திரும்பிப் போயிருந்தால், அதை யார் எழுதுவது? காலனிக்குள் வளர்ந்த பெண்ணுக்கு அந்தக் கேள்வி தானாகத் தோன்றும்.

முழுநேர ஆய்வு செய்யும் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்கு அரசு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை தருகிறது. மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம்.