சந்தியும் தெருவோர வியாபாரியும்

ஏ9 வீதியிலிருந்து முல்லைத்தீவுக்கும் பூநகரிக்கும் பாதைகள் பிரியுமிடம் பரந்தன் சந்தி. பெருநகரல்லாத இவ்விடத்தில் வியாபாரம் நிலைபெற்றிருப்பதற்கு இந்த அமைவிடமே காரணமாகும். எனினும், நிரந்தரக் கடையும் தெருவோரக் கடையும் தமக்குரிய இடத்தைத் தெரிவுசெய்யும் முறை ஒன்றல்ல. இவ்வேறுபாட்டை விளங்கிக்கொள்ளாது எடுக்கப்படும் தீர்மானங்களே பல பிணக்குகளுக்கு வித்திடுகின்றன என நாம் கருதுகின்றோம்.

நகை, புடைவை போன்றவற்றை வாங்குவோர் விலையையும் தரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க விரும்புவர். ஆதலால் ஒரே வகைக் கடைகள் அருகருகே அமைகின்றன. கொழும்பு செட்டியார் தெருவும் யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியும் நகைக்கடைகளால் நிறைந்திருப்பது இதனாலேயே. போட்டியாளர்கள் விலகிச் செல்லாமல் ஒருவரையொருவர் நெருங்கி வருவதன் காரணத்தை, பொருளியலாளர் ஹரல்ட் ஹொட்டெலிங் 1929 இலேயே விளக்கியிருந்தார்.

கச்சானையோ பழத்தையோ தேடி எவரும் நெடுந்தூரம் செல்வதில்லை. கண்ணிற் பட்டால் வாங்குவர். படாவிடின் கடந்து செல்வர். எனவே, பஸ் தரிப்பிடமும் வைத்தியசாலை வாசலும் ஜும்ஆ முடியும் வேளையில் பள்ளிவாசல் முன்றலுமே சிறுவியாபாரியின் சந்தையாகின்றன. அவரை இருநூறு யார் அப்பால் அனுப்புவது, அவரது வருமானத்தையே பறிப்பதற்கு ஒப்பாகும்.

கொழும்பு புறக்கோட்டையில் வீதியோர வியாபாரிகளுக்கென 2014 இல் மிதக்கும் சந்தை அமைக்கப்பட்டது. அழகிய கட்டமைப்பு இருந்தும் வியாபாரம் அங்கு வேரூன்றவில்லை. அதே ஆண்டில் இந்தியா இயற்றிய தெருவோர வியாபாரிகள் சட்டமோ, மக்கள் வழமையாகக் கூடுமிடங்களை 'இயல்பான சந்தை'களாக ஏற்றுக்கொண்டதுடன், இடங்களைத் தீர்மானிக்கும் நகரக் குழுக்களில் வியாபாரிகளின் பிரதிநிதிகள் 40 சதவீதத்துக்குக் குறையாது இருக்க வேண்டும் எனவும் விதித்தது.

வாடகையும் வரியும் செலுத்தும் கடைக்காரரின் முறைப்பாட்டில் நியாயம் இல்லாமலில்லை. வாகனங்கள் விரைந்தோடும் ஏ9 வீதியில் பாதசாரிகளின் பாதுகாப்பும் அலட்சியம் செய்யத்தக்கதன்று. ஆயினும், 2009 வரையான யுத்தத்தில் யாவற்றையும் இழந்த வன்னி மக்களுக்கும், 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, கடைகளையும் முதலையும் பறிகொடுத்த முஸ்லிம் வர்த்தகர்களுக்கும், வீதியோரம் பலவேளை மீண்டெழுவதற்கான முதற்படியாகும். மீளத் திரும்புவோரை 'வெளியார்' என ஒதுக்கும் எந்த அனுமதி முறையும் நீதியாகாது.

ஆகவே, சந்திகளை ஒழுங்கமைக்க முற்படும்போது பிரதேச சபையும் வீதி அபிவிருத்தி அதிகார சபையும் கடைக்காரரையும் சிறுவியாபாரிகளையும் ஒரே மேசையில் அமர்த்திப் பேச வேண்டும். நடைபாதையை விடுவித்து, பஸ் தரிப்பிடத்தின் பார்வைக்கெட்டும் தூரத்திலேயே மாற்றிடம் வழங்குவதும், தாங்கக்கூடிய கட்டணம் அறவிடுவதும் சாத்தியமற்ற காரியங்களல்ல. மக்கள் நடமாட்டமில்லாத இடத்தில் கட்டடம் எழுப்பலாம். சந்தையை உருவாக்க முடியாது.