சக்கரத்தில் ஓர் அறை – 6: தீயில் பிறக்கும் தண்ணீர்

டிரெய்லர் வண்டியின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் அதை இழுக்கும் காரின் கொக்கியின் மேல் இறங்க வேண்டும் என்பதோடு போன வாரம் நிறுத்தினோம். இந்த வாரம் விளக்கும் பேட்டரியும் என்று சொல்லியிருந்தேன். ஆனால் ஈரம் தங்கும் வண்டியில் எந்த ஒயரும் நிலைக்காது. தண்ணீரை முதலில் பார்த்துவிடுவோம்.

கனடாவின் வின்னிபெக் நகரில் 1968-இல் ரே ஒலெக்கோ என்பவர் 'போலர்' என்ற 13 அடி டிரெய்லரைக் கொண்டுவந்தார். அதற்கு முன் அவர் செய்துகொண்டிருந்தது ஃபைபர்கிளாஸ் செப்டிக் டேங்க்! மண்ணுக்கடியில் கசியாமல் கிடக்கும் தொட்டியை வார்த்தவருக்கு, அதே முறையில் ஆள் படுத்துறங்கும் கூட்டையும் வார்க்கலாமே என்று தோன்றியிருக்கிறது. மேல் பாதி ஒன்று, கீழ்ப் பாதி ஒன்று. இரண்டையும் இடுப்பில் சேர்த்து ஒட்டினால் உடல் தயார். மரச்சட்டமும் தகர மூட்டுகளும் தேவைப்படவில்லை. மினசோட்டா மாநிலத்தின் பேக்கஸ் என்ற சிற்றூரில் தயாராகும் 'ஸ்கேம்ப்' வண்டிகளும் இந்த வம்சம்தான்.

ஆகவே இவற்றில் சுவர் ஒழுகாது. நாம் துளை போட்ட இடம்தான் ஒழுகும்: ஜன்னல் சட்டம், கூரை வென்ட், உள் அலமாரியைத் தாங்க வெளியிலிருந்து அடித்த ரிவெட். கைக்குக் கிடைத்தது என்று அங்கே சிலிக்கானைப் பூசிவிடாதீர்கள். காய்ந்த சிலிக்கான் மேல் பெயின்ட் ஒட்டாது, புது சிலிக்கானே சரியாகப் பிடிக்காது. ஜன்னலைக் கழற்றி, பழையதைச் சுத்தமாகச் சுரண்டிவிட்டு, பியூட்டைல் டேப் வைத்து முடுக்குங்கள். அது இறுகிக் கெட்டியாகாது. ஓட்டத்தில் உடல் அசையும்போது கூடவே அசைந்து கொடுக்கும். சில நாள் கழித்து இன்னொரு முறை முடுக்கி, வெளியே பிதுங்கியதைப் பிளாஸ்டிக் கத்தியால் சீவி எடுங்கள். ஆடிப்போன ரிவெட்டைத் துளைத்தெடுத்து, சீலன்ட் தடவிப் புதியது அடிப்பது அரை மணி நேர வேலை.

டொரான்டோவில் இருக்கும் என் மைத்துனர் இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தவர். ஆனாலும் அக்டோபரில் மெத்தையைத் தூக்கிப் பார்த்தால் பிளைவுட் முழுக்க ஈரம், ஓரத்தில் பூஞ்சணம். "மழையே இல்லையே மாப்பிள, எங்கேருந்து வருது?" என்று போனில் கேட்டார். ராத்திரி எப்படிக் குளிர் தாங்கினீர்கள் என்று கேட்டேன். கேஸ் அடுப்பைச் சிறிதாக எரியவிட்டு வண்டியைச் சூடாக்கினாராம்.

இந்த வாரம் முழுக்க என்னை விடாமல் பிடித்துக்கொண்ட கணக்கு இதுதான். 44 கிராம் புரொப்பேன் எரிந்தால் 72 கிராம் தண்ணீர் உண்டாகிறது. வாயுவில் துளித் தண்ணீர் கிடையாது. இருப்பது 8 கிராம் ஹைட்ரஜன். அது எரியும்போது காற்றிலிருந்து 64 கிராம் ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு நீராவியாகிறது. எரித்த எடையைவிட ஒன்றரை மடங்குக்கும் அதிகமான தண்ணீர்! அமெரிக்க டிரெய்லர்களின் முகப்பில் நிற்கும் 20 பவுண்டு சிலிண்டர் ஒன்று காலியாகும்போது கிட்டத்தட்ட 15 லிட்டர் தண்ணீரைப் பெற்றுப்போட்டிருக்கிறது. நம் சமையலறையின் 14.2 கிலோ சிலிண்டருக்கு 22 லிட்டருக்குக் குறையாது. நம் வீட்டில் அது கண்ணில் படாததற்குக் காரணம், திறந்த ஜன்னலும் வெதுவெதுப்பான சுவரும். குளிர்ந்த மெல்லிய ஃபைபர்கிளாஸ் கூட்டுக்குள் நீராவிக்குப் போக்கிடம் இல்லை. கண்ணாடியிலும் அலமாரி மூலையிலும் துளித்துளியாகப் படிகிறது. இதோடு, இரண்டு பேர் தூங்கினால் மூச்சாலும் தோலாலும் மட்டுமே இரவில் அரை லிட்டர் அளவுக்கு ஈரம் சேரும்.

அடுப்பைக் கணப்பாக எரிக்கவே கூடாது. ஈரம் சிறிய காரணம். மூடிய வண்டியில் கார்பன் மோனாக்சைடு ஆளையே கொன்றுவிடும். வண்டியோடு வரும் ஃபர்னஸ் வேறு வகை. அது எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து எடுத்து, புகையையும் நீராவியையும் வெளியிலேயே விடுகிறது.

மெத்தைக்கு அடியில்தான் முதல் கைவேலை. மேலே உடம்புச் சூடு, கீழே குளிர்ந்த பலகை. இடையில் ஈரம் சிக்கிக்கொள்கிறது. ஹோல் சா கொண்டு பிளைவுட்டில் வரிசையாக வட்டத் துளைகள் போடுங்கள்; பலகையின் ஓரத்தையும் தாங்குசட்டம் வரும் இடத்தையும் விட்டுவிடுங்கள். அல்லது பலகையை எடுத்துவிட்டு மரப்பட்டிகளை இடைவெளி விட்டு அடியுங்கள். மைத்துனர் பட்டி அடித்தார். மெத்தையைச் சுவரோடு நெருக்காமல் இரண்டு விரல் இடம் விடுவதற்குச் செலவே இல்லை. அலமாரிக் கதவிலும் காற்றுக்கு வழி வேண்டும். கதவின் நடுப்பகுதியை வெட்டியெடுத்துப் பிரம்புப் பின்னல் பொருத்தினால் பார்க்கவும் அழகு.

அடுத்தது கூரை வென்ட். மேலே ஒரு மழைமூடியைப் பொருத்திவிட்டால் அடைமழையிலும் திறந்து வைக்கலாம். எதிர்ப்பக்க ஜன்னலில் இரண்டு விரல் திறப்பு. குளிருகிறதே என்று இரண்டையும் சாத்திவிட்டால் செய்த வேலையெல்லாம் வீண். வென்ட்டில் 12 வோல்ட் விசிறி ஒன்றும் சேர்ந்தால், நீராவி படிவதற்கு முன்பே வெளியே போய்விடும்.

அந்த விசிறி ராத்திரி முழுக்க ஓட எத்தனை ஆம்பியர்-மணி வேண்டும், லெட்-ஆசிட் பேட்டரியில் பாதிக்கு மேல் ஏன் உறிஞ்சக் கூடாது, பழைய பல்பை எல்இடியாக மாற்றினால் எவ்வளவு மிஞ்சும் என்பதெல்லாம் அடுத்த வாரம்.

(தொடரும்)