ஆய்வுகூடமும் ஒரு முதலீடே

ஹேவாஹெட்ட வர்த்தகர்களுக்கு ஒரு கணக்குச் சொல்ல விரும்புகிறேன். 1867இல் இம்மலைப் பகுதியின் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் நட்டது வெறும் 19 ஏக்கர் தேயிலை. கொழுந்தைப் பதனிடும் முறையையும் அவரே பரீட்சித்துப் பார்த்தார். நாட்டின் பெருந்தொழில் அப்படித்தான் வளர்ந்தது. அதே மலையின் பிள்ளைகள் பலர் உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கக் கண்டிக்கு பஸ் ஏறுவதைக் காண்கிறேன். செலவுக்கு வழியில்லாதவர் விருப்பத்தையே மாற்றிக் கொள்கிறார்.

2013இல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பாடத்துறையை அரசு ஆரம்பித்தது. பாடத்திட்டமும் ஆசிரியர் சம்பளமும் அரசின் பொறுப்பு. ஆய்வுகூட உபகரணம், இரசாயனப் பொருட்கள், திருத்த வேலை ஆகியவற்றை வர்த்தகர்கள் ஏற்றால் அரச, தனியார் கூட்டில் ஒரு விஞ்ஞான தொழில்நுட்பப் பாடசாலை இங்கேயே உருவாகலாம்.

இது எமக்குப் புதிதல்ல. 1892இல் கொழும்பு ஸாஹிராவுக்கு வித்திட்டபோது கண்டிச் சட்டத்தரணி சித்திலெப்பை சிந்தனையைத் தந்தார்; கட்டட ஒப்பந்தகாரர் வாப்பிச்சி மரிக்கார் தோள் கொடுத்தார்.

கட்டடத்தில் பெயர்க்கல் பதிக்கப் பலர் வருவர். மாதாந்தச் செலவை ஐந்தாண்டுக்கு எழுத்தில் பொறுப்பேற்பவரே இன்று தேவை. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் அடுத்த கூட்டத்திலேயே பேச்சைத் தொடங்குங்கள். நாளை உங்கள் இயந்திரத்தைத் திருத்த வெளியூரில் ஆள் தேட வேண்டியிருக்காது.