கமுந்திங் ஈயமும் கடலடி வரிகளும்

கமுந்திங், தைப்பிங் வட்டாரத்துப் பழைய ஈயக்குட்டைகளில் இன்று தண்ணீர்தான் நிற்கிறது. தைப்பிங் ஏரிப் பூங்காவே அப்படி வந்ததுதான். அந்த ஈயத்தைத் தந்த கருங்கல், 20 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் ஒரு கடல் மூடிக்கொண்டபோது உருவானது. அதன் பெயர் பேலியோ-டெத்திஸ். மறைந்துபோன கடலை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில், இருக்கிற கடலைப் பார்ப்போம். நடுக்கடல் மலைத்தொடரின் பிளவில் பாறைக்குழம்பு பொங்கி இறுகுகிறது. அதிலுள்ள மேக்னடைட் துகள்கள் ஏறத்தாழ 580 பாகை செல்சியசுக்குக் கீழே ஆறும்போது, அந்நேரத்துப் பூமிக் காந்தப்புலத்தின் திசையைப் பிடித்துவைத்துக்கொள்கின்றன. அந்தப் புலமோ அவ்வப்போது தலைகீழாகப் புரளும். கடைசியாகப் புரண்டது சுமார் 780,000 ஆண்டுகளுக்கு முன். புதுத் தரை உருவாக உருவாகப் பழைய தரை இரு பக்கமும் விலகுவதால், பிளவின் இரு புறமும் ஒரே வரிசையில் காந்த வரிகள் விழுகின்றன. வரியின் அகலத்தை அது உருவாக எடுத்த காலத்தால் வகுத்தால் தரை நகர்ந்த வேகம் கிடைக்கும். ஒரே வயதுள்ள இரு வரிகளைப் பிளவில் கொண்டுவந்து சேர்த்தால், அன்றைய வரைபடமே கிடைத்துவிடும்.

இதை 1963-இல் புவி இயற்பியலாளர்கள் வைனும் மேத்யூசும் விளக்கியபோது கையிலிருந்த முக்கிய ஆதாரம் நம் இந்தியப் பெருங்கடலிலிருந்தே வந்தது: கார்ல்ஸ்பெர்க் மலைத்தொடரில் ஓவன் என்ற கப்பல் எடுத்த காந்த அளவீடு. ஆசியாவில் மோதுவதற்கு முன் இந்தியா ஆண்டுக்கு 15 சென்டிமீட்டர் வரை வடக்கே விரைந்ததும் வரிகளால்தான் தெரிந்தது.

சுமத்ராவுக்கு மேற்கே வார்ட்டன் படுகையில் கடல்தரை விரிவது நின்றே மூன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. வடபுறத் தரையில் ஒரு பகுதி சுமத்ராவின் அடியில் புதைந்துவிட்டது. ஆனாலும் தென்புறத்து வரிகள் மிச்சமிருப்பதால், போன பாதியையும் வரைய முடிகிறது. அங்குள்ள பழைய முறிவுகள் இன்னும் அடங்கவில்லை. 2012 ஏப்ரல் 11-இல் அவற்றையும் ஒட்டி எழுந்த 8.6 அளவு நிலநடுக்கத்தைப் பினாங்கிலும் உணர்ந்தார்கள்.

பேலியோ-டெத்திஸுக்கு அப்படி ஒரு பாதிகூட மிஞ்சவில்லை. இன்றைய பெருங்கடல்களில் மிகப் பழைய தரைக்கே வயது ஏறத்தாழ 18 கோடி ஆண்டுதான். அதனால் தேடல் கரைக்கு வருகிறது. பகாங்கின் பெந்தோங், ராவுப் வழியே ஓடும் பாறைப்பட்டையில், ஆழ்கடலில் படிந்த சிக்கிமுக்கிக் கற்களுக்குள் ரேடியோலேரியா என்ற நுண்ணுயிரிகளின் ஓடுகள் இருக்கின்றன. டெவோனியன் என்ற புவியியல் காலம் தொடங்கிப் பெர்மியன் காலம் வரையிலான வகைகள் அவற்றில் உள்ளதால், அந்தக் கடல் 10 கோடி ஆண்டுகளுக்கு மேல் திறந்திருந்தது என்று கணிக்கிறார்கள். எந்த வேகத்தில் விரிந்தது என்பதை மட்டும் அந்த ஓடுகளால் சொல்ல முடியாது.