சென்சார் லூஸானால் பெட்ரோல் வீண்!

புனே விமான் நகரில் சாயங்கால நேரம் சாலையோரம் நின்று பாருங்கள். விமான நிலையம் பக்கத்திலேயே இருந்தாலும் காதை அடைப்பது என்னவோ ஸ்கூட்டர், பைக் சத்தம்தான். அவற்றில் பலவற்றின் இன்ஜின் பக்கத்தில், புகை வெளியேறும் வழியில், விரல் பருமனுக்கு ஒரு பொருள் திருகப்பட்டிருக்கும். அதிலிருந்து ஒரு ஒயர் கிளம்பும். அதுதான் ஆக்சிஜன் சென்சார்.

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பிஎஸ்6 புகை விதி நடப்புக்கு வந்தது. புது வண்டிகளின் புகையைச் சோதித்துச் சான்று தரும் ஏஆர்ஏஐ நிறுவனம் 1966 முதல் இதே புனேயில்தான் இயங்குகிறது. பிஎஸ்6 விதிக்கு உட்பட, பெரும்பாலான பெட்ரோல் வண்டிகளுக்கு இந்தச் சென்சார் தேவைப்பட்டது.

அதன் வேலை என்ன? உள்ளே ஸிர்க்கோனியா என்ற பீங்கான் இருக்கிறது. ஒரு பக்கம் புகை, மறுபக்கம் வெளிக்காற்று. இரண்டிலும் ஆக்சிஜன் அளவு வேறுபடுவதால் மின்னழுத்தம் பிறக்கிறது. பெட்ரோல் அதிகமானால் சுமார் 0.9 வோல்ட், காற்று அதிகமானால் சுமார் 0.1 வோல்ட். இதைப் பார்த்துத்தான் வண்டியின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது.

சரி, சென்சார் கொஞ்சம் கழன்றுவிட்டால்? புகை ஒரே சீராக வருவதில்லை. விட்டு விட்டு வருகிறது. இடைவெளியில் குழாய்க்குள் அழுத்தம் குறையும்போது, மரை இடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே நுழைகிறது. சென்சார் ஏமாந்து, “காற்று அதிகம்” என்கிறது. கம்ப்யூட்டரும் அதை நம்பி, தேவையில்லாமல் பெட்ரோலை ஊற்றுகிறது. மைலேஜ் குறைகிறது, நச்சுப்புகை கூடுகிறது.

திருகியது ஏன் கழல்கிறது? முதல் எதிரி வெப்பம். ஒரு மீட்டர் இரும்புக் கம்பி 100 டிகிரி சூடானால் சுமார் 1.2 மில்லிமீட்டர் நீளும். புகைக்குழாயோ பல நூறு டிகிரிக்குச் சூடாகி, வண்டியை நிறுத்தியதும் ஆறுகிறது. தினமும் இப்படி விரிந்து சுருங்கினால் பிடி தளரும். இரண்டாவது எதிரி அதிர்வு. இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால் நொடிக்கு 50 சுற்று! பக்கவாட்டில் ஆடும் அதிர்வுதான் போல்ட்டைச் சீக்கிரம் கழற்றும் என்று ஜெர்மனியின் கெர்ஹார்ட் யுங்கர் 1969இல் சோதித்துக் காட்டினார்.

அப்படியானால் பசை போட்டு ஒட்டிவிடலாமே? சாதாரண மரைப் பசை அந்தச் சூட்டில் பிடியை விட்டுவிடும். நைலான் வைத்த நட்டும் உருகிவிடும். உண்மையான காவல், சரியான இறுக்கம்தான். இறுக்கும்போது மரைப் பகுதி மயிரிழை அளவு இழுபட்டு, ஸ்பிரிங் போலத் திரும்ப இழுக்கிறது. அந்த இழுவிசை தரும் உராய்வுதான் சென்சாரைப் பிடித்து வைக்கிறது.

கார்களில் உள்ள 18 மில்லிமீட்டர் சென்சாருக்கு ஏறக்குறைய 45 நியூட்டன் மீட்டர் இறுக்கம் வேண்டும். அதாவது, 30 சென்டிமீட்டர் ஸ்பேனரின் நுனியில் 15 கிலோ எடையைத் தொங்கவிட்ட மாதிரி. பைக் சென்சார் சிறியது. அதற்கு இறுக்கமும் குறைவு. கைக்கணக்கில் முறுக்கினால் மரை போய்விடும். அளவு காட்டும் டார்க் ஸ்பேனரால், அந்த வண்டியின் கையேடு சொல்லும் அளவுக்கே இறுக்க வேண்டும். நசுங்கிய பழைய வாஷரை மறுபடி போடக்கூடாது. மரையில் அழுக்கு இருக்கக்கூடாது. ஒயரையும் விறைப்பாக இழுத்துக் கட்டாமல் கிளிப்பில் மாட்ட வேண்டும்.

சென்சாரில் கோளாறு என்றால் வண்டியின் மீட்டரில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரியலாம். அது அணையாமல் எரிந்தால், உடனே அப்பா அம்மாவிடம் சொல்லுங்கள். சூடான புகைக்குழாயை மட்டும் நீங்கள் தொடவே வேண்டாம். அடுத்த முறை சர்வீஸுக்கு விடும்போது, “சென்சார் இறுக்கத்தையும் பாருங்க அண்ணா” என்று மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.