கப்பலில இப்ப எத்தனை மணி?

தங்கச்சியின் மகன் கணினி வலையமைப்புப் படிக்கிறான். போன பெருநாள் லீவில் வந்தவன், "கப்பலில ஜீ.பீ.எஸ். இருக்குத்தானே மாமா, பிறகென்ன மணிக்கூட்டுப் பிரச்சினை?" என்று கேட்டான். அன்று சொன்ன பதிலைச் சற்று விரித்து எழுதுகிறேன்.

போர்க்கப்பலில் ராடார், சோனார், ஆயுதக் கட்டுப்பாடு, தொடர்பாடல் எல்லாம் வெவ்வேறு கணினிகளில் ஓடுகின்றன. ஒவ்வொன்றினுள்ளும் ஒரு குவார்ட்ஸ் மணிக்கூடு. சாதாரணக் குவார்ட்ஸ் நாளொன்றுக்கு ஒரு செக்கன் வரை பிசகுவது புதினமல்ல. சூடு மாறினால் பிசகும் அளவும் மாறும். ஒலியைப்போல் இருமடங்கு வேகத்தில் வரும் ஏவுகணையோ அரைச் செக்கனில் ஏறத்தாழ 340 மீற்றர் கடந்துவிடும். அதைக் காணும் இரு கப்பல்களின் மணிக்கூடுகள் அரைச் செக்கன் முரண்பட்டால், திரையில் ஒன்று இரண்டாகத் தெரியும். எதை அடிக்கிறது?

இதற்குப் பரவலாகப் பயன்படுவது 1985இல் டேவிட் மில்ஸ் வெளியிட்ட வலையமைப்பு நேர நெறிமுறை, அதாவது என்.ரி.பி. அதன் கணக்கு எளியது. என் மணிக்கூட்டில் 10 மணி 0 செக்கனுக்கு உங்களிடம் நேரம் கேட்டு அனுப்புகிறேன். உங்கள் மணிக்கூட்டில் 5ஆம் செக்கனில் அது கிடைக்கிறது. 6ஆம் செக்கனில் பதில் அனுப்புகிறீர்கள். எனக்கு அது என் 3ஆம் செக்கனில் வருகிறது. போய்வர மொத்தம் 3 செக்கன். உங்களிடம் நின்றது 1. ஆகவே வழியில் கழிந்தது 2, ஒரு பக்கத்துக்கு 1. நான் அனுப்பியது என் 1ஆம் செக்கனில் உங்களை அடைந்திருக்க வேணும். அப்போது நீங்கள் பார்த்ததோ 5. அப்படியென்றால் உங்கள் மணிக்கூடு 4 செக்கன் முந்தி நிற்கிறது.

இதிலே ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது: போகும் வழியும் வரும் வழியும் ஒரேயளவு நேரம் எடுக்கும் என்பது. ஒரு பக்கம் நெரிசலானால் கணக்குப் பிழைக்கும். புவிநிலைச் செய்மதி ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிற்பதால், ஏறி இறங்கவே கால் செக்கன் போய்விடும். நெரிசல் தாமதம் வேறு. அதனால் கரையிலிருந்து இந்த வழியில் நேரம் வாங்குவதைவிட, கப்பலிலேயே மூல மணிக்கூடு வைத்து உள் வலையமைப்பில் பகிர்வதுதான் நல்லது.

அந்த மூலத்துக்கு ஜீ.பீ.எஸ். நேரம் தரும். ஆனால் அதன் சமிக்ஞை மிகவும் பலவீனமானது. எதிரி அதைக் குழப்பலாம். அப்போது ருபீடியம் அல்லது சீசியம் அணு மணிக்கூடு நேரத்தைத் தாங்கிப் பிடிக்கும். மணிக்கூடு ஒன்றென்றால் அதைத்தான் நம்ப வேணும். இரண்டு முரண்பட்டால் எது பொய்யென்று தெரியாது. மூன்று இருந்தால் தனித்து நிற்பதைச் சந்தேகிக்கலாம். இது பழைய கடல் வழக்கந்தான்: 1831இல் புறப்பட்ட பீகிள் கப்பலில் 22 குரோனோமீற்றர்கள் இருந்தன.

பிழையைத் திருத்துவதிலும் நிதானம் வேணும். முந்தி ஓடும் மணிக்கூட்டைப் பின்னுக்குத் தள்ளினால், பிறகு நடந்தது முன்னே நடந்ததாகப் பதிவாகிவிடும். அதனால் சிறிய பிசகை என்.ரி.பி. மெல்ல மெல்லக் கரைக்கிறது, செக்கனுக்கு அரை மில்லிசெக்கனுக்கு மேற்படாமல். 100 மில்லிசெக்கனைச் சரிசெய்யவே மூன்று நிமிடத்துக்கு மேலாகும்.

இவ்வளவும் தேவையா? கடலில் அல்ல, தரையில் நடந்த ஒன்று பதில் சொல்லும். 1991 பெப்ரவரி 25, சவூதியின் தஹ்ரான். பேட்ரியட் ஏவுகணைத் தொகுதி 100 மணித்தியாலம் நிற்காமல் ஓடியதில், அதன் நேரக் கணக்கு 0.34 செக்கன் பிசகியிருந்தது. வந்த ஸ்கட் ஏவுகணையை அது தவறான இடத்தில் தேடியது. 28 அமெரிக்கப் படையினர் மாண்டனர். அதன் நிரலில் நேரக் கணக்கைச் சில இடங்களில் திருத்தி, சில இடங்களில் விட்டிருந்தார்கள். எல்லா இடத்திலும் ஒரேயளவு பிழை இருந்திருந்தால் பெரும்பாலும் ஒன்றையொன்று கழித்திருக்கும். பாதித் திருத்தம் அதைக் கெடுத்தது.

மருமகனுக்கு நான் சொன்னதும் இதுதான்: "ஜீ.பீ.எஸ். சரியான நேரத்தைச் சொல்லும் மகன். ஆனா கப்பலுக்கு முதல்ல வேணும் ஒரே நேரம்."