உங்களுக்குத் தெரியுமா? வால்வில் இருந்து சிப்புக்கு ஒரே தாவல்!

★ பண்ணைப்புரம் சின்னத்தாயம்மாள், மகன்களுக்காக வீட்டு ரேடியோவை விற்றார். கிடைத்தது 400 ரூபாய்! அந்தப் பணத்தோடு மெட்ராஸ் கிளம்பிய பிள்ளைதான் நம்ம இளையராஜா!

★ வால்வு ரேடியோவின் குமிழைத் திருகினால் உடனே பாடாது. கண்ணாடிக் குழாய்க்குள் இழை சூடேறிச் சிவக்க வேண்டும். கிட்டத்தட்ட அரை நிமிஷம்! டிரான்சிஸ்டரோ திருகிய கையோடு பாடும். கரண்ட் இல்லாத ஏலத்தோட்டமா? நாலு பேட்டரிக் கட்டை போதும்!

★ வால்வுதான் மூத்தது, டிரான்சிஸ்டருக்கு அடிப்படையான செமிகண்டக்டர் இளையது என்றா நினைத்தீர்கள்? ஈயத் தாதுப் படிகத்தால் ரேடியோ அலையைப் பிடித்த ஜகதீஷ் சந்திர போஸ், 1904 மார்ச் 29-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். செமிகண்டக்டர் கருவிக்கு உலகின் முதல் காப்புரிமை அதுதான்! வால்வைக் கண்டுபிடித்த ஃபிளெமிங் அதன் காப்புரிமைக்கு விண்ணப்பித்ததே அந்த ஆண்டு நவம்பரில்தான்!

★ நாம் சுதந்திரம் வாங்கி நாலே மாதம். 1947 டிசம்பரில், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்துவிட்டது!

★ இந்தியாவிலேயே உருவான முதல் டிஜிட்டல் கணினி டிஃப்ராக். 1960-ல் மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனத்தில் ஓடியது. உள்ளே 2,700 வால்வுகள்! பெயர் வைத்தது யார்? பிரதமர் நேரு!

★ அதே நிறுவனம் 1965-ல் கோலார் தங்கச் சுரங்கத்தில், 2 கிலோமீட்டருக்கும் கீழே, நியூட்ரினோ என்ற நுண்துகளைப் பிடித்தது. அப்போது எழுந்த ஒளிப்பொறியைப் பெருக்கிக் காட்டியது போட்டோமல்டிபிளையர். வால்வைப் போல அதுவும் வெற்றிடக் குழாய்தான்!

★ நியூட்ரினோ வேட்டையில் அடுத்த குறி நம்ம தேனி! பொட்டிப்புரம் மலைக்குள் சுமார் 50,000 டன் இரும்பு, 28,800 கண்ணாடி உணர்கருவிகள் என்று திட்டம் போட்டார்கள். ஒவ்வொன்றிலும் 128 மின்னணுத் தடங்கள். பெருக்கிப் பாருங்கள்... 36,86,400!

★ எதிர்ப்பு, வழக்கு என்று பொட்டிப்புரம் திட்டம் முடங்கிப்போனது. ஆனால் அந்தக் கருவியின் குட்டித் தம்பி மதுரையில் ஓடிக்காட்டிவிட்டது. குட்டியின் எடையே 85 டன்!

★ அந்தக் கண்ணாடி உணர்கருவியின் மெல்லிய துடிப்பைப் பெருக்க ஒரு சிப். பெயர் அனுஸ்பர்ஷ். வடிவமைத்தது பாபா அணு ஆராய்ச்சி மையம். இந்திய மூளை! அது 0.35 மைக்ரான் தொழில்நுட்பம். ஒரு தலைமுடியின் அகலத்துக்குள் அந்த அளவில் சுமார் 200 கோடுகள் அடங்கும்!